சமைக்கிற கைக்கும் ஒரு சரித்திரம் உண்டு

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சவள் நான். வீடு, ரெண்டு மாடு, ரெண்டு பிள்ளைங்க, குழு, இதுதான் எனக்குத் தெரிஞ்ச உலகம். தலைவி அம்மா கூப்பிட்டு, "ஏப்ரல் 14 சமத்துவ நாள் உறுதிமொழியை வருஷா வருஷம் வாசிக்கிறோம். இந்த வருஷம் வாசிச்சா மட்டும் போதாது, நீ பேசு"ன்னு சொன்னாங்க. "நான் என்ன பேசுறதும்மா?"ன்னு கேட்டேன். "உனக்கு நடந்ததைப் பேசு"ன்னாங்க. அதனால நடந்ததைத்தான் பேசப் போறேன். யார் மனசும் நோகணும்னு பேசலை. அப்படி நொந்தா, இப்பவே மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.

என் வீடு எங்க இருக்குன்னு இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், காலனி. எங்க தெருவிலிருந்து பார்த்தா அண்ணாமலையார் மலை முழுசாத் தெரியும். கார்த்திகை தீபம் ஏத்துற அன்னிக்கு நாங்க வாசல்ல நின்னே கும்பிட்டுக்குவோம். ஊர்த்தெருவிலிருந்து பார்த்தாலும் அதே மலைதான் தெரியும், அதே தீபம்தான் தெரியும்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்குச்சு. 2023 ஆகஸ்ட் 25லிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துச்சு. சமைக்கிறது நம்ம குழுப் பெண்கள்தான்னு சொன்னாங்க. குழுவில் உறுப்பினரா இருக்கணும், அந்தப் பள்ளியிலேயே பிள்ளை படிக்கணும், பத்தாவது படிச்சிருக்கணும், படம் எடுத்து அனுப்புற மாதிரி போன் இருக்கணும்னு சொன்னாங்க. நாலும் எனக்கு இருந்துச்சு. படிச்ச படிப்பு ஒரு வேலைக்கு ஆகுதேன்னு எனக்கு அப்போ இருந்த சந்தோஷத்தை வார்த்தையில் சொல்ல முடியாது. பத்தாவது மார்க்ஷீட்டை அதுக்கு முன்னாடி நான் எங்கேயுமே காட்டினது இல்லை.

எங்க பள்ளிக்கு மூணு பேர். ரெண்டு பேர் ஊர்த்தெரு, நான் காலனி. காலையில அஞ்சரைக்கெல்லாம் பள்ளிக்கூடத்துல இருக்கணும். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் ரவையோ அரிசியோ, சாம்பாருக்கு 15 கிராம் பருப்புன்னு கணக்கு. எங்க பள்ளியில் 38 பிள்ளைங்க. அப்போ 1 கிலோ 900 கிராம் ரவை, 570 கிராம் பருப்பு. இந்தக் கணக்கு இன்னிக்கும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எட்டேகால் மணிக்குப் பிள்ளைங்க தட்டோட உட்கார்ந்துடணும். அதுக்கு முன்னாடி ஆசிரியர் ருசி பார்க்கணும், போன்ல படம் ஏத்தணும்.

முதல் நாள் திறப்பு விழா. 38 பிள்ளைங்களும் சாப்பிட்டாங்க. பெரியவங்க வந்தாங்க, கை தட்டினாங்க. அன்னிக்கு அடுப்புக்கு முன்னாடி யார் நிக்கிறதுன்னு யாரும் கவனிக்கலை.

அடுத்து வந்த வேலை நாள் உப்புமா கிண்டினது நான். 21 பிள்ளைங்கதான் தட்டை எடுத்தாங்க. 17 பேர், "வீட்டிலேயே சாப்பிட்டுட்டோம்"னு தள்ளி நின்னாங்க. அதுல ஒரு சின்னப் பையன், ஒண்ணாங்கிளாஸ், குண்டானையே பார்த்துக்கிட்டு நின்னான். "வாடா கண்ணு"ன்னு கூப்பிட்டேன். அவன் அக்கா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டா. அந்தப் பொண்ணு போற போக்குல என்ன சொன்னான்னு எனக்குக் கேட்டுச்சு. அதை இங்கே சொல்ல மாட்டேன். எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்த வார்த்தை தானா வராது, வீட்டுல பேசினதுதான் வாயில வந்துச்சு.

மீதி உப்புமாவோட அன்னிக்கு நான் கழுவாத குண்டானைப் பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ரவையைக் கரிய விடலை, உப்பும் சரியாத்தான் போட்டேன். குறை என்னன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இது எங்க ஊர்ல மட்டும் நடந்தது இல்லை. அதே 2023 செப்டம்பர்ல கரூர் மாவட்டம் வேலன்செட்டியூர்லயும், தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியிலயும் இதே பிரச்சினை வந்து பத்திரிகையில எல்லாம் வந்துச்சு. ஆதிதிராவிடர் பெண் சமைச்சதைப் பிள்ளைங்க சாப்பிடக்கூடாதுன்னு சில பேர் சொன்னாங்க. வேலன்செட்டியூருக்குக் கலெக்டரே போய் அங்கேயே சாப்பிட்டார். உசிலம்பட்டியில நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி அவர்கள் பிள்ளைகளோட உட்கார்ந்து சாப்பிட்டாங்க. அதுக்கு முன்னாடி 2018ல, திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்துல, சத்துணவு சமைச்ச ஓர் அம்மாவை சாதி சொல்லித் தடுத்து, வேற ஊருக்கு மாத்தினாங்க. எதிர்ப்பு வந்த பிறகு அந்த மாறுதலை ரத்து செஞ்சு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துல வழக்கும் போட்டாங்க.

இத்தனைக்கும் 2004லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு, பள்ளிக்கூடத்துல சமைக்கிற வேலையில தாழ்த்தப்பட்டவங்களுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை கொடுக்கணும்னு. பிள்ளைங்க சின்ன வயசுலேயே ஒண்ணா உட்கார்ந்து, யார் சமைச்சாலும் ஒண்ணா சாப்பிட்டுப் பழகினா, பெரியவங்களான பிறகு அந்தப் புத்தி வராது. ஒரு தட்டு சோறு பசிக்கு மட்டும் மருந்து இல்லை, இதுக்கும் மருந்து.

எங்க ஊருக்குக் கலெக்டர் வரலை. யாரும் வரலை. நம்ம கூட்டமைப்புக் கூட்டத்துலதான் அது பேச்சாச்சு. அப்போ நம்மில் ஒருத்தங்க ஒரு யோசனை சொன்னாங்க. பேர் சொல்ல மாட்டேன், இப்பவும் எனக்கு அவங்க மேல மரியாதை உண்டு. அவங்க சொன்னது இதுதான்: "நீ வேலையை விட வேணாம்மா. காய் நறுக்கு, பாத்திரம் கழுவு, கூட்டிப் பெருக்கு. அடுப்பு வேலையையும் பரிமாறுறதையும் அவங்க ரெண்டு பேரும் பார்த்துக்கட்டும். உன் சம்பளம் உனக்கு வந்துடும். பிரச்சினையும் வராது."

நல்ல மனசோடதான் சொன்னாங்க. அங்கே இருந்தவங்க எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்கும் ஒரு நிமிஷம் சரின்னு தோணுச்சு. வீட்டுக்காரர் அதுக்கு முந்தின நாள்தான், "இந்த வேலை வேணாம், விட்டுடு"ன்னு சொல்லியிருந்தார். சம்பளம் வரும், சண்டை இல்லை, வேறென்ன வேணும்னு நினைச்சேன்.

அப்புறம் எங்க ஆயா ஞாபகம் வந்துச்சு. எங்க ஆயா இந்த ஊர்ல நாத்து நடாத நிலம் இல்லை. நட்டது அவங்க கை, களை எடுத்தது அவங்க கை, அறுத்தது அவங்க கை, தூத்திப் புடைச்சு மூட்டையில போட்டதும் அவங்க கை. அந்த நெல்லு வீட்டுக்குள்ள போகும். ஆயா வாசப்படியிலேயே நிப்பாங்க. சோத்தையும் தண்ணியையும் தூக்கி ஊத்துவாங்க, கையேந்தி வாங்கிக் குடிப்பாங்க. எங்க அம்மா காலத்துல அது கொஞ்சம் மாறி, தனி டம்ளர் ஆச்சு. என் காலத்துல காய் நறுக்கலாம், அடுப்புக்கிட்ட வரக்கூடாது. அப்போ என் பொண்ணு காலத்துல எதுவா இருக்கும்?

எழுந்திருச்சு நான் சொன்னேன்: "சரிம்மா, நான் ஒத்துக்கிறேன். ஆனா நம்ம கூட்டமைப்புல எதை முடிவு செஞ்சாலும் தீர்மான நோட்டுல எழுதணும் இல்லையா? இதையும் எழுதுங்க. இன்னார் இன்ன சாதி, அதனால அடுப்புப் பக்கம் வரக்கூடாதுன்னு தேதி போட்டு எழுதுங்க. முதல் கையெழுத்து நானே போடுறேன்."

நோட்டு எழுதுற தங்கச்சி பேனாவைத் திறந்து வச்சுக்கிட்டு எல்லார் முகத்தையும் பார்த்துச்சு. யாரும் வாய் திறக்கலை. ரொம்ப நேரம் கழிச்சு அந்தத் தங்கச்சிதான் சொல்லிச்சு, "இதை எப்படிக்கா எழுதுறது?"ன்னு. எழுத முடியாதது ஒண்ணை நாம எப்படிச் செய்ய முடியும்? அன்னிக்கு எழுதின தீர்மானம் வேற. மூணு பேரும் முறை வச்சு வாரத்துக்கு ஒருத்தர் அடுப்பு, ஒருத்தர் காய், ஒருத்தர் பாத்திரம். பரிமாறுறது மூணு பேரும். எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. யோசனை சொன்னவங்களும் போட்டாங்க. அந்த நோட்டு இன்னிக்கும் நம்ம பீரோவுல இருக்கு.

தீர்மானம் எழுதினதும் மறுநாளே 38 பேரும் சாப்பிட்டாங்கன்னு சொன்னா அது சினிமா. அப்படி நடக்கலை. என்கூட சமைக்கிற ஊர்த்தெரு அக்கா ஒருத்தங்க, என் முறை வர்ற வாரம் பூராவும் தன் பேரனைக் கையோட கூட்டிக்கிட்டு வந்து, பிள்ளைங்க வரிசையில முதல்ல உட்கார வச்சு, தானும் ஒரு தட்டு எடுத்துக்கிட்டு நான் கிண்டினதைச் சாப்பிட்டாங்க. அவங்க மருமக ரெண்டு மாசம் அவங்களோட முகம் கொடுத்துப் பேசலை. அந்த அக்கா அதை என்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லை, வேற ஆள் சொல்லித்தான் தெரியும். 21 பேர் 25 ஆனாங்க. தலைமை ஆசிரியர் வீடு வீடாப் போய்ப் பேசினார். அரையாண்டு லீவு முடிஞ்சு வந்தப்போ 36 பேர் சாப்பிட்டாங்க. ரெண்டு பிள்ளைங்க அஞ்சாவது முடிச்சுப் போற வரைக்கும் சாப்பிடவே இல்லை. அதையும் சொல்லணும், இல்லைன்னா நான் சொல்றது பொய்யாயிடும். அந்த ஒண்ணாங்கிளாஸ் பையன் இப்போ ரெண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். கிச்சடின்னா உயிர் அவனுக்கு.

என் அண்ணன் பொண்ணு சென்னையில கல்லூரியில படிக்குது. லீவுக்கு வந்தப்போ இதையெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன். அது சொல்லிச்சு, "அத்தை, அமெரிக்காவுல உன்னை மாதிரியே ஒரு அம்மா இருந்தாங்க"ன்னு.

அமெரிக்காவுல கறுப்பின மக்கள் இருக்காங்க. ஆப்பிரிக்காவிலிருந்து அவங்க முன்னோர்களைச் சங்கிலி போட்டுக் கப்பல்ல கொண்டுவந்து அடிமையா வித்தாங்க. 1865ல அடிமை முறையைச் சட்டத்தால ஒழிச்சாங்க. ஆனா சட்டம் வந்தாலும் பழக்கம் போகலை. தெற்குப் பக்கத்து ஊர்கள்ல அவங்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனித் தண்ணீர்க் குழாய். பஸ்ஸுல பின்னாடிதான் உட்காரணும், வெள்ளைக்காரங்களுக்கு இடம் இல்லைன்னா எழுந்திரிக்கணும். மாண்ட்கமரின்னு ஓர் ஊர். அங்கே 1955 டிசம்பர் 1ஆம் தேதி, தையல் வேலை முடிச்சு வீட்டுக்குப் போன ரோசா பார்க்ஸ் அம்மா, எழுந்திரிக்க மாட்டேன்னு உட்கார்ந்தே இருந்தாங்க. கைது பண்ணினாங்க. அதுக்கப்புறம் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் கிட்டத்தட்ட யாருமே பஸ் ஏறலை. ஒரு நாள் இல்லை, ரெண்டு நாள் இல்லை, 381 நாள். வீட்டு வேலைக்கும் சமையல் வேலைக்கும் போன பெண்கள்தான் மைல் கணக்கா நடந்தாங்க.

நடக்க முடியாதவங்களைக் கூட்டிப் போக கார்கள் ஓட்டினாங்க. அதுக்கு பெட்ரோல் போடப் பணம் வேணுமில்லையா? அங்கேதான் ஜார்ஜியா கில்மோர் அம்மா வர்றாங்க. அவங்க சமையல் வேலை பார்த்தவங்க. அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கிட்டு, வீட்டுல கோழி வறுத்து, கேக்கு செஞ்சு, வித்து, வந்த காசைப் போராட்டத்துக்குக் கொடுத்தாங்க. கூட்டத்துல, "இந்தப் பணம் எங்கிருந்து வந்துச்சு?"ன்னு கேட்டா, "எங்கிருந்தும் இல்லை"ன்னு சொல்லுவாங்களாம். யார் சமைச்சது, யார் வாங்கினதுன்னு தெரிஞ்சா வேலை போயிடும். அதனால அந்தப் பெண்கள் கூட்டத்துக்கே 'எங்கிருந்தும் வராத சங்கம்'னு பேர் ஆயிடுச்சு. 1956ல கோர்ட்டுல சாட்சி சொன்னதுக்காக அந்த அம்மாவுக்கு வேலை போச்சு. அப்பவும் விடலை, சொந்த வீட்டுச் சமையலறையிலேயே சமைச்சு வித்துப் பிழைச்சாங்க. மார்ட்டின் லூதர் கிங் உட்பட பெரிய பெரிய ஆளுங்க அந்த வீட்டுல உட்கார்ந்து சாப்பிட்டாங்க. கறுப்பு வெள்ளைன்னு பார்க்காம அங்கே சாப்பிட்டிருக்காங்க.

இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. இது நம்ம சுய உதவிக் குழுதானே! நம்ம ஊர்ல மகளிர் திட்டத்துக்கு விதை போட்டது 1989ல, தர்மபுரியில. அதுக்கு முப்பத்துச் சொச்சம் வருஷம் முன்னாடியே எங்கோ ஒரு ஊர்ல, நம்மை மாதிரி ஒதுக்கப்பட்ட பெண்கள், கரண்டியைப் பிடிச்சே ஒரு போராட்டத்தைத் தாங்கியிருக்காங்க.

அண்ணன் பொண்ணு இன்னொண்ணும் சொல்லிச்சு. அங்கே பிப்ரவரி மாசம் முழுக்கக் கறுப்பின மக்களோட வரலாற்றைக் கொண்டாடுறாங்க. 1926ல கார்ட்டர் உட்சன்னு ஒரு வாத்தியார் அதை ஒரு வாரமா ஆரம்பிச்சார். 1976லிருந்து ஒரு மாசம் ஆச்சு. பள்ளியில, ஆபீஸ்ல, தொழிற்சாலையில எல்லாம் கொண்டாடுறாங்களாம். எதுக்குன்னு கேட்டேன். "நீங்க எதுவும் செய்யலைன்னு ஒருத்தர்கிட்ட சொல்லிக்கிட்டே இருந்தா, அவங்களே அதை நம்பிடுவாங்க அத்தை. பக்கத்துல வேலை செய்யிறவங்களும் நம்பிடுவாங்க"ன்னு சொல்லிச்சு.

அது உண்மை. ஏன்னா என் பொண்ணு ஒரு நாள் கேட்டுச்சு, "அம்மா, புத்தகத்துல ராஜா இருக்காங்க, தலைவருங்க இருக்காங்க. நம்ம தெருக்காரங்க யாரும் ஒண்ணும் செய்யலையா?"ன்னு. அம்பேத்கர்னு சொன்னேன். அதுக்கு மேல எனக்கும் சொல்லத் தெரியலை. அதுக்கப்புறம்தான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். உங்களுக்கும் சொல்றேன், உங்க பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க.

இரட்டைமலை சீனிவாசன். நம்ம பக்கத்துச் செங்கல்பட்டுச் சீமைக்காரர். 1893ல சொந்தமா ஒரு பத்திரிகை ஆரம்பிச்சு, தன் சாதிப் பேரையே தலை நிமிர்ந்து அதுக்கு வச்சார். பொதுத் தெரு, பொதுக் கிணறு எல்லாம் எல்லாருக்கும் பொதுன்னு 1924ல சென்னைச் சட்டசபையில தீர்மானம் கொண்டுவந்தவர் அவர்தான். லண்டன்ல நடந்த வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோட சேர்ந்து போனவர்.

மீனாம்பாள் சிவராஜ் அம்மா. 1904ல ரங்கூன்ல பிறந்தவங்க. 1938ல சென்னையில நடந்த பெண்கள் மாநாட்டுலதான் ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார்னு பட்டம் கொடுத்தாங்க. அதுல முன்னின்ன பெண்கள்ல இவங்களும் ஒருத்தங்க. பெரியார்னு நாம தினமும் சொல்றோம், அந்தப் பேரை வச்சதுல காலனிப் பெண் ஒருத்தியோட கையும் இருக்குன்னு நமக்கு யார் சொன்னாங்க?

தாட்சாயணி வேலாயுதன் அம்மா. கேரளத்துல பிறந்தவங்க. கல்லூரியில வேதியியல் படிச்சப்போ, சோதனை செஞ்சு காட்ட அவங்களைப் பக்கத்துல விடலை. தூரத்துல நின்னு பார்த்தே கத்துக்கிட்டு பட்டம் வாங்கினாங்க. பின்னாடி சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போனாங்க. நம்ம சட்டத்தை எழுதின அந்தச் சபையில இருந்த ஒரே தலித் பெண் அவங்கதான். தீண்டாமையை ஒழிக்கிற 17ஆவது பிரிவு அந்தச் சபையிலதான் நிறைவேறுச்சு. பக்கத்துல வராதேன்னு தள்ளி நிறுத்தின பெண், தள்ளி நிறுத்துறதே குற்றம்னு சட்டம் எழுதின சபையில உட்கார்ந்திருக்காங்க.

நம்ம மாவட்டத்தையும் சொல்லணும். தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூர்ல, 2023 ஜனவரி 30ஆம் தேதி, கலெக்டர் முன்னாடி நிக்க, எங்க சனங்க முத்துமாரியம்மன் கோயிலுக்குள்ள போனாங்க. ஏறக்குறைய 80 வருஷமா வெளியில நின்னவங்க. அன்னிக்குப் பொங்கல் வச்ச பெண்கள் அழுததை டிவியில பார்த்து நானும் அழுதேன். சாமி உள்ளே இருந்துச்சு, நாங்க வெளியே இருந்தோம். நடுவுல இருந்தது நாலு வாசப்படிதான்.

இவ்வளவும் சொல்லிட்டு, என் தப்பையும் சொல்லாம போனா அது நியாயமில்லை.

எங்க தெருவுக்கும் அந்தப் பக்கம், ஏரி ஓரமா இருளர் குடும்பங்க அஞ்சாறு இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி அவங்கள்ல ஒரு பொண்ணு எங்க குழுவுல சேர்ந்துச்சு. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோட போய் முன்பணத்துக்கு வேலை செஞ்சு, எப்படியோ மீண்டு வந்த பொண்ணு. ஆடு வாங்க உள்கடன் கேட்டுச்சு. "இவங்க இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்கு சூளைக்குப் போயிடுவாங்க, யார் திருப்பிக் கட்டுறது?"ன்னு குழுவுல ஒருத்தி சொன்னா. அந்த ஒருத்தி நான்தான். அந்தப் பொண்ணு ஒண்ணும் பேசலை. கூட்டத்துல எப்பவும் உட்கார்ற மாதிரி பாயை விட்டுத் தள்ளி, தரையிலதான் உட்கார்ந்திருந்துச்சு. பாயில வந்து உட்காருன்னு நாங்க யாரும் சொன்னதே இல்லைன்னு அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சது. அடுப்புக்கிட்ட என்னை வராதேன்னு சொன்னப்போ எனக்கு எரிஞ்சது. அதே நெருப்பை நான் இன்னொருத்தி மேல போட்டேன். அடுத்த கூட்டத்துல நானே கடனுக்கு முன்மொழிஞ்சேன். ஒரு தவணை தவறாம கட்டிடுச்சு. எங்க குழுவுல ரெண்டு பேர் பாக்கி வச்சிருக்கோம், அதுல அந்தப் பொண்ணு இல்லை.

நம்ம குழுக்காரங்க பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில கடை போடுறோம். சுண்டல் விக்கிறோம், மோர் விக்கிறோம். 14 கிலோமீட்டர் நடந்து வர்றவங்க எந்த ஊர், எந்த நாடுன்னு தெரியாது. ஒரே ஒருத்தராவது, "இந்தச் சுண்டலைத் தாளிச்சது யாரு, எந்தத் தெரு?"ன்னு கேட்டிருக்காங்களா? சூடா இருக்கா, உப்பு சரியா இருக்கான்னுதான் கேட்பாங்க. ஊர்த்தெரு அக்காவும் வாங்கிச் சாப்பிட்டுட்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கிட்டு நடக்கிறாங்க. அண்ணாமலையாரைச் சுத்தும்போது இல்லாத சாதி, ஊர் எல்லைக்கல்லைத் தாண்டினதும் எப்படி வருது? அங்கே வேணாம்னு விட முடியுதுன்னா, இங்கேயும் விட முடியும்.

கடைசியா, நம்ம கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள் சிலது. பேச்சோட போகக்கூடாதுன்னு எழுதியே கொண்டுவந்திருக்கேன்.

முதலாவது, காலை உணவோ, கேன்டீனோ, பௌர்ணமிக் கடையோ, நம்ம பெண்கள் சேர்ந்து வேலை செய்யிற எல்லா இடத்துலயும் வேலையை முறை வச்சுப் பிரிக்கணும். கழுவுறது எப்பவும் ஒரே ஆள், கல்லாவுல உட்கார்றது எப்பவும் ஒரே ஆள்னு இருக்கக்கூடாது. முறையைச் சுவத்துல எழுதி ஒட்டணும்.

ரெண்டாவது, கூட்டம் ஒரு மாசம் ஊர்த்தெருவுல நடந்தா, அடுத்த மாசம் எங்க தெருவுல நடக்கணும். எங்க வீட்டு டீயையும் நீங்க குடிக்கணும். எல்லாருக்கும் ஒரே டம்ளர், எல்லாருக்கும் ஒரே பாய்.

மூணாவது, வயசுக்கு மரியாதை. ஊர்த்தெருச் சின்னப் பிள்ளைங்க எங்க அம்மா வயசுக்காரங்களை வா, போன்னு பேர் சொல்லிக் கூப்பிடுறதை நிறுத்தணும். நாங்க உங்களை அக்கான்னு கூப்பிடுறோம், அதே அக்கா எங்களுக்கும் வேணும். காலனிங்கிற வார்த்தையையே பதிவேடுகள்லேருந்து எடுக்கப் போறதா 2025 ஏப்ரல்ல அரசு அறிவிச்சிருக்கு. அரசு நோட்டுல எடுத்தா போதாது, நம்ம வாயிலயும் மாறணும். நானே இந்தப் பேச்சுல பல தடவை சொல்லிட்டேன், பழக்கம் அப்படி.

நாலாவது, உறுப்பினர் யாருக்காவது சாதி சொல்லி அவமானம் நடந்தா, அது அந்தப் பெண்ணோட தனிப் பிரச்சினை இல்லை, கூட்டமைப்போட பிரச்சினைன்னு எடுத்துக்கணும். வன்கொடுமை பத்திப் புகார் சொல்ல 14566ன்னு இலவச எண் இருக்கு. அதை எல்லாக் குழு நோட்டுலயும் முதல் பக்கத்துல எழுதி வைக்கணும். முதல்ல நம்ம கூட்டமைப்பு அந்தப் பெண் கூட நிக்கணும், அதுக்கப்புறம்தான் போன்.

அஞ்சாவது, ஒவ்வொரு ஏப்ரல் மாசமும், உறுதிமொழி வாசிக்கிறதோட நிக்காம, ஒரு குழுவுக்கு ஒருத்தர் தன் ஆயாவைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசணும். எந்தத் தெரு ஆயாவா இருந்தாலும் சரி. என்ன வேலை செஞ்சாங்க, எதைத் தாங்கினாங்க, எதைச் சமைச்சாங்கன்னு. அப்போதான் நாம ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்குவோம்.

என் பொண்ணு அஞ்சாவது முடிக்கப் போகுது. விதிப்படி அதுக்கப்புறம் நான் அந்தப் பள்ளியில சமைக்க முடியாது. வேற ஒரு தாய் வருவாங்க. அவங்க எந்தத் தெருவிலிருந்து வேணும்னாலும் வரட்டும். ஏரி ஓரத்துத் தங்கச்சி திறந்தநிலையில பத்தாவது எழுதப் படிச்சுக்கிட்டிருக்கு, அதோட பையன் ஒண்ணாவது சேர்ந்திருக்கான். அது வந்தா இன்னும் சந்தோஷம். யார் வந்தாலும் முதல் நாளே அடுப்புக்கு முன்னாடி நிக்கட்டும். அன்னிக்கு 38 தட்டும் வரிசையில இருக்கணும். அதுக்கு நான் வெளியாளா வந்து ஒரு ஓரமா நின்னு பார்த்துட்டுப் போவேன்.

தப்பா ஏதாவது பேசியிருந்தா பொறுத்துக்கோங்க.